மண்ணுக்கும் டெஸ்ட்!

காய்ச்சல் விடலைன்னா டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார் இல்லையா? மண்ணுக்கும் அப்படி உண்டு. நான் படித்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மூடிப்போன தொழிற்சாலை நிலங்கள் நிறைய சும்மா கிடந்தன. 1980-ல் வந்த சட்டப்படி, விஷத்தைக் கொட்டாதவரும் அந்த நிலத்தை வாங்கினால் சுத்தம் செய்யும் செலவு அவர் தலையில் விழலாம். அப்புறம் யார் வாங்குவாங்க? சோதித்துப் பார்க்கவே நிறைய பணம் வேண்டும். அதை அரசே கொடுக்க முன்வந்தது. 1993-ல் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரம் இருக்கும் வட்டாரத்துக்கு முதல் உதவி கிடைத்தது. 2002-ல் இதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது.

சோதனை இரண்டு கட்டம்:

1. பழைய ஆவணம், வரைபடம் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்களை விசாரிப்பார்கள். இடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள்.

2. சந்தேகம் இருந்தால் மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

சில இடங்களில் பயந்த அளவு விஷம் இருக்காது. இருந்தாலும் எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும். சுத்தம் செய்து வீடோ பூங்காவோ கட்டலாம்.

சின்னக் குழந்தைங்க மண்ணில் விளையாடிவிட்டு கையை வாயில் வைக்கும். மண்ணில் ஈயம் இருந்தால் அது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால்தான் ஊஞ்சல் போடும் முன் டெஸ்ட். பயந்து பூட்டி வைப்பதும் தப்பு, பார்க்காமல் திறந்து விடுவதும் தப்பு!