போடாத அப்டேட்... பறிபோன பாஸ்வேர்டு பெட்டகம்: 'டீசீரியலைசேஷன்' ஆபத்தைத் தவிர்ப்பது எப்படி?

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைக்கும் அப்டேட் பெரிதாக என்ன செய்துவிடும்? பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022-ல் நேர்ந்ததே இதற்குப் பதில்.

என்ன நடந்தது?

லாஸ்ட்பாஸின் முக்கியமான ரகசியச் சாவிகளை எடுக்கும் உரிமை நான்கே பொறியாளர்களிடம் இருந்தது. அவர்களில் ஒருவரின் வீட்டு கம்ப்யூட்டரை ஹேக்கர்கள் குறிவைத்தனர். படம், பாட்டு சேமித்துப் பார்க்க உதவும் ப்ளெக்ஸ் மென்பொருளின் பழைய வெர்ஷன் அதில் இருந்தது. அதிலிருந்த ஓட்டை வழியே, டைப் செய்வதைப் பதிவு செய்யும் கீலாகர் நுழைந்தது. மாஸ்டர் பாஸ்வேர்டு சிக்கியது. வாடிக்கையாளர்களின் பெட்டக பேக்கப் நகல்களும் களவுபோயின.

இத்தனைக்கும் அந்த ஓட்டையை ப்ளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்துவிட்டது. அதன்பின் சுமார் 75 வெர்ஷன்கள் வந்தும் அந்த கம்ப்யூட்டரில் அப்டேட் போடப்படவில்லை.

அது என்ன ஓட்டை?

மென்பொருள் தன் நினைவகத்தில் உள்ளதை ஃபைலாக மாற்றுவது சீரியலைசேஷன். அந்த ஃபைலைப் படித்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது டீசீரியலைசேஷன். கேமை 'சேவ்' பண்ணிவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆடுகிறோமே, அது மாதிரி.

சிக்கல் எங்கே? பைத்தானின் பிக்கிள் போன்ற முறைகளில், ஃபைலுக்குள் தகவலோடு 'இந்த ஃபங்ஷனை இயக்கு' என்ற கட்டளையும் இருக்கலாம். படித்த நொடியே அது ஓடிவிடும். ப்ளெக்ஸில், அட்மின் அணுகல் பெற்ற ஒருவர் போட்டோ ஏற்றும் கேமரா அப்லோட் வசதி வழியாகவே விஷமக் கோப்பை உள்ளே வைத்து, மென்பொருளையே அதை இயக்க வைக்க முடிந்தது.

டெவலப்பர்களுக்கு...

* வெளியிலிருந்து வரும் ஃபைலை பிக்கிளில் திறக்கவே கூடாது. தகவலை மட்டும் சுமக்கும் ஜேசான் போன்ற வடிவமே பாதுகாப்பு. அதிலும் ஒவ்வொரு மதிப்பையும் சரிபார்க்க வேண்டும்.
* வேறு வழியில்லை என்றால், ஃபைலில் டிஜிட்டல் கையொப்பம் சேர்த்து, திறப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.
* இதே ஆபத்துள்ள பைனரிஃபார்மேட்டரை, 2024-ல் வந்த டாட்நெட் 9-லிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பழைய கோடில் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

பயனாளர்களுக்கு...

* ஆட்டோ அப்டேட் வசதியை ஆன் செய்யுங்கள். பயன்படுத்தாத மென்பொருளை நீக்கிவிடுங்கள்.
* அன்றாட வேலைக்கு அட்மின் அக்கவுன்ட் வேண்டாம். கோடு ஓடினாலும் சேதம் குறையும்.
* சில ஏஐ மாடல் ஃபைல்களும் பிக்கிள் வடிவில்தான் வருகின்றன. சேஃப்டென்சார்ஸ் வடிவம் இருந்தால் அதையே டவுன்லோட் செய்யுங்கள்.
* ஆபீஸ் வேலையை ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் பாருங்கள். படம் பார்க்கும் கம்ப்யூட்டரில் கம்பெனியின் சாவி இருக்கக் கூடாது.