கர்ணனோட தப்பை ஏன் மறைக்கணும்?

கர்ணன்னு பேரைச் சொன்னாலே நமக்கு மனசு இளகிடும். அதுக்குப் பெரிய காரணம் பி.ஆர்.பந்துலு எடுத்த ‘கர்ணன்’. 1964 பொங்கலுக்கு வந்த படம். கடைசியில சிவாஜி கணேசன் அம்பு தைச்சுக் கிடக்கார். கிருஷ்ணரா நடிச்ச என்.டி.ராமராவ் வேதியர் வேஷத்துல வந்து, நீ செஞ்ச புண்ணியத்தை எல்லாம் எனக்குக் கொடுன்னு கேக்குறார். இவர் தன் ரத்தத்தாலயே தாரை வார்த்துக் கொடுக்குறார். பின்னாடி சீர்காழி கோவிந்தராஜன் குரல். 2012ல அந்தப் படத்தைப் புதுப்பிச்சு மறுபடி திரையிட்டப்பவும், அந்த இடத்துல ஜனங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அந்தக் கடைசி தானம் வியாசர் பாரதத்துல கிடையாது. நம்ம வில்லிபுத்தூரார் பாரதத்துல வர்றது. துரியோதனன் மனைவியோட கர்ணன் ஆட்டம் ஆடி, முத்து சிதறி, துரியோதனன் கொஞ்சமும் சந்தேகப்படாம நிக்கிற காட்சியும் அப்படித்தான், வியாசர்ல தேடினா கிடைக்காது. தமிழ் ஒரு கர்ணனைத் தானே வளர்த்து எடுத்திருக்கு. அந்தக் கர்ணன் எனக்கும் பிடிச்சவன்தான். ஆனா அவனை வளர்க்குறப்ப ஒண்ணை மட்டும் நாம மெதுவா ஒதுக்கி வச்சுட்டோம். அவன் செஞ்ச பாவத்தை. அதை ஒதுக்கினதால கர்ணன் சின்னவனாயிட்டான்னுதான் நான் நினைக்கிறேன்.

முதல்ல அவன் பட்ட அவமானம். அஸ்தினாபுரத்துல ராஜகுமாரர்கள் வித்தை காட்டுற அரங்கம். அர்ஜுனன் செஞ்சதை எல்லாம் கர்ணனும் செஞ்சு காட்டுறான். கிருபர் எழுந்து, உன் குலம் என்ன, அப்பா அம்மா யாருன்னு கேக்குறார். கர்ணன் தலை குனியுது. துரியோதனன் அங்கேயே அவனை அங்க நாட்டுக்கு ராஜாவாக்கி அபிஷேகம் பண்றான். அந்த நேரம் பார்த்து அவனை வளர்த்த தேரோட்டி அதிரதன், வியர்க்க விறுவிறுக்க, நடுங்கிக்கிட்டே அரங்கத்துக்குள்ள வர்றார். கர்ணன் என்ன செய்றான் தெரியுமா? வில்லைக் கீழ வச்சுட்டு, அபிஷேகத் தண்ணி இன்னும் காயாத தலையோட அந்தக் கிழவர் கால்ல விழுறான். சபையே பார்த்துக்கிட்டிருக்கு. பீமன், நீ போய் சாட்டையை எடுடான்னு கேலி பண்றான். இவ்வளவு பேருக்கு முன்னாடி, இவர்தான் என் அப்பான்னு காட்ட ஒரு தைரியம் வேணும். போர்க்களத்துல அவன் காட்டின எந்த வீரத்தை விடவும் எனக்கு இது பெருசு.

இதே கர்ணன்தான் சூதாட்டச் சபையிலயும் இருந்தான். திரௌபதியை இழுத்துட்டு வந்து நிறுத்தியிருக்காங்க. பீஷ்மர், துரோணர் யாரும் தடுக்கல. துரியோதனனோட சொந்தத் தம்பி விகர்ணன் மட்டும் எழுந்து, இது தர்மமில்லை, இவளை நாம ஜெயிச்சதாவே ஆகாதுன்னு வாதாடுறான். அவன் வாயை அடைச்சது யாரு? கர்ணன். நீ சின்னப் பையன், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அதட்டுறான். அஞ்சு புருஷன் உள்ளவள்னு சொல்லி, திரௌபதியை நாக்கு கூசுற வார்த்தையால பேசுறான். பாண்டவங்க துணியையும் இவ துணியையும் எடுன்னு துச்சாதனனுக்குச் சொன்னதும் அவன் வாய்தான்.

இங்க நம்ம ஆளுங்க உடனே செஞ்சோற்றுக் கடன்னு சொல்வாங்க. சோறு போட்டவனுக்கு எதிரா எப்படிப் பேசுவான்னு கேப்பாங்க. விகர்ணன் தின்னதும் அதே சோறுதானே! அவன் சபையில எதிர்த்துப் பேசினான். அப்புறம் போர்ல அண்ணன் பக்கமே நின்னு பீமன் கையால செத்தான். கொன்ன பீமனே அவனுக்காக வருத்தப்படுறான். கம்பராமாயணத்துல கும்பகர்ணனை எடுத்துக்குங்க. சீதையை விட்டுடுன்னு ராவணன் முகத்துக்கு நேரா சொல்றான். அண்ணன் கேக்கல. சரின்னு சாகப் போறான். நடுவுல விபீஷணன் வந்து ராமன் பக்கம் கூப்பிட்டும் போகல. கடனையும் தீர்க்கலாம், தப்பைத் தப்புன்னும் சொல்லலாம். ரெண்டும் சேர்ந்து முடியும்னு இந்த ரெண்டு தம்பிகளும் காட்டிட்டாங்க. கர்ணன் அன்னிக்கு அதைச் செய்யல.

சரி, அப்போ கர்ணன் வெறும் கெட்டவனா? இல்லவே இல்லை. அதுக்கு உத்தியோக பர்வத்துக்கு வரணும்.

பாண்டவங்களுக்காகக் கிருஷ்ணர் போன சமாதானத் தூது தோத்துப்போச்சு. கிருஷ்ணர் ஊர் திரும்புறப்ப கர்ணனைத் தன் தேர்ல ஏத்திக்கிட்டுப் போறார். நீ குந்தி பெத்த மூத்த பிள்ளை, என்னோட வா, தர்மன் உனக்கு விசிறி வீசுவான், நாடு உன்னுதுன்னு சொல்றார். கர்ணன் சொல்ற பதில்ல முதல் இடம் துரியோதனனுக்கு இல்ல. வளர்த்த அம்மா ராதைக்கு. என்னைப் பார்த்ததும் அவளுக்குப் பால் சுரந்துச்சு, என் மலமூத்திரத்தை அவ அள்ளினா, அதிரதன் எனக்குப் பேரு வச்சார், கல்யாணம் பண்ணி வச்சார், பிள்ளை பேரன்லாம் எனக்கு அந்தக் குலத்துலதான் இருக்காங்க, இந்த பூமியே கிடைச்சாலும் அதை எப்படிப் பொய்யாக்குவேன்னு கேக்குறான். அதுக்கு அப்புறம்தான் துரியோதனன் என்னை நம்பித்தான் இந்தப் போர்ல இறங்கினான்னு சொல்றான்.

இன்னொண்ணும் கேக்குறான். இந்த ரகசியம் தர்மனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நாட்டை என்கிட்ட கொடுத்துடுவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துடுவேன். தர்மனே ராஜாவா இருக்கட்டும். யாரு சொல்றா பாருங்க! எதிரணித் தளபதி ஆகப்போறவன். அப்புறம் தன் மனசைத் திறக்குறான். துரியோதனனைச் சந்தோஷப்படுத்த பாண்டவங்களைக் கடுஞ்சொல் சொன்னேன், அது இன்னிக்கு என்னை எரிக்குதுன்னு ஒத்துக்குறான். எந்தப் பக்கம் ஜெயிக்கும்னும் அவனுக்குத் தெரியும். வரப்போற போரை ஒரு வேள்வியா வர்ணிச்சு, அதுல தான் சாகப்போறதையும் ஒரு சடங்காவே சொல்றான்.

இவனை வெறும் பாவப்பட்ட மனுஷனா, விதி ஏமாத்தினவனா மட்டும் காட்டினா இந்தப் பேச்சுக்கு எடையே இருக்காது. சபையில வாய் திறந்தவன்தான் இங்க வருத்தப்பட முடியும்.

புகழைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா கர்ணனோட பலவீனமும் பலமும் அதுதான். வன பர்வத்துல சூரியன் கனவுல வந்து, இந்திரன் கவசகுண்டலம் கேட்டு வருவான், கொடுத்துடாதேன்னு எச்சரிக்கிறார். உயிர் போனாலும் புகழ்தான் வேணும்னு கர்ணன் நிக்கிறான். செத்தவனுக்குப் புகழ் எதுக்கு, பிணத்துக்குப் போட்ட மாலை மாதிரிதானேன்னு பெத்த அப்பாவே கேக்குறார். கர்ணன் மசியல. குலம் கேட்டு வாயடைச்ச உலகத்துக்கு முன்னாடி, கொடுக்குறவன்ங்கிற பேரு ஒண்ணுதான் அவன் தானே சம்பாதிச்சது. அதை எப்படி விடுவான்?

போரோட பதினேழாம் நாள் கர்ணனோட தேர்ச் சக்கரம் மண்ணுல புதையுது. தர்மப்படி கொஞ்சம் பொறுன்னு அர்ஜுனனைக் கேக்குறான். கிருஷ்ணர் வரிசையா கேள்வி கேக்குறார்: திரௌபதியைச் சபைக்கு இழுத்தப்ப, அபிமன்யுவைப் பல பேரு சேர்ந்து கொன்னப்ப, உன் தர்மம் எங்க போச்சு? கர்ணன் வெட்கத்துல தலை குனியுறான், பதில் சொல்லல. சாமர்த்தியமா பதில் சொல்லத் தெரியாதவன் இல்ல அவன். கேட்டது உண்மைன்னு அவனுக்குத் தெரியும். அப்புறம் மறுபடி வில்லை எடுத்துச் சண்டை போட்டுத்தான் சாகுறான்.

1991ல மணிரத்னம் ‘தளபதி’ எடுத்தார். ரஜினிகாந்த் சூர்யா, மம்மூட்டி தேவராஜ். நட்புக்கும் பெத்த அம்மாவுக்கும் நடுவுல சூர்யா தவிக்கிறது நல்லா வந்திருக்கு. ஆனா கடைசியில தேவராஜ் சாகுறான், சூர்யா பிழைக்கிறான். அவன் தப்புக்கு அவன்கிட்ட யாரும் கணக்குக் கேக்குறதில்ல. இது நம்ம சினிமா ஹீரோக்களுக்குக் கொடுத்துட்டு வர்ற சலுகை. சூது சபையில விகர்ணனை அதட்டுற கர்ணனையும், தேர்ல உக்காந்து வருத்தப்படுற கர்ணனையும் ஒரே நடிகர் முகத்துல, ஒரே படத்துல பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

மூலத்தைப் படிக்கணும்னா ம.வீ.இராமானுஜாசாரியாரோட கும்பகோணம் பதிப்பு தமிழ்ல இருக்கு. அருட்செல்வப்பேரரசனோட முழு மொழிபெயர்ப்பு இணையத்துலயே கிடைக்குது. உத்தியோக பர்வத்துல கிருஷ்ணரும் கர்ணனும் பேசுற பகுதியில இருந்து ஆரம்பிங்க. படிச்சுட்டு, ராதையைப் பத்தி அவன் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.