கடல் செதுக்கிய மரம்

வெள்ளத்தில் வேரோடு சாய்ந்து, ஆற்றின் வழியே கடலில் கலந்து, மாதக்கணக்கில் அலைந்து கரையொதுங்கும் மரக்கட்டைகள் இன்று சிற்பிகள் விரும்பித் தேடும் பொருள். திமிங்கிலம், ஆமை, குதிரை, சுருண்டு எழும் அலை எனப் பல உருவங்கள் அவற்றிலிருந்து உருவாகின்றன. பசிபிக் கரைகளில் இந்தக் கலையும் அலைச்சறுக்கும் அருகருகே இருப்பவை. தொலைவில் வீசும் குளிர்காலப் புயல்தான் சறுக்குவதற்கான பேரலைகளை அனுப்புகிறது. கட்டைகளைக் கரையில் தூக்கி எறிவதும் அதே புயல்தான். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் அப்படி உருண்டுவரும் கட்டைகள் சறுக்குவோருக்கு ஆபத்தாகவும் முடிகின்றன.

மரம் மிதப்பது அதற்குள் இருக்கும் காற்றினால். செல்சுவர்ப் பொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம்; அது நீரைவிடக் கனமானது. செல்களின் உட்குழியில் காற்று இருக்கும்வரை கட்டை மிதக்கும்; நீர் புகுந்து நிரம்பினால் மூழ்கிவிடும். எனவே நெடுந்தூரம் போய்ச் சேர்பவை நீரை மெதுவாக உறிஞ்சும் மரங்கள்தாம்.

வழியில் கடல் அவற்றைச் செதுக்குகிறது. அலையும் மணலும் பட்டையை உரித்துவிடுகின்றன. ஊசியிலை மரங்களின் ஆண்டு வளையத்தில் வசந்தத்தில் வளரும் பகுதி மென்மையானது, கோடையின் பிற்பகுதியில் வளர்வது கெட்டியானது. மென்பகுதி முதலில் தேய்வதால் மேற்பரப்பில் வரிவரியாக மேடுகள் எழும்புகின்றன. கணுக்களும் வேர்மூட்டுகளும் தேயாமல் துருத்தி நிற்கின்றன. மிதக்கும் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு எனப்படும் உயிரி உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அதன் இளம்பருவம் குண்டூசித் தலையளவு துளையிட்டு உள்ளே நுழைகிறது. பிறகு தலைப்பக்கத்துச் சிறு ஓடுகளால் மரத்தை அரவி, சுண்ணாம்புப் பூச்சுள்ள சுரங்கங்களை அமைக்கிறது. கரையில் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிவிடுகிறது. கரையொதுங்கிய கட்டையின் சாம்பல் நிறம் பெரும்பாலும் இப்படி வருவதுதான்.

இத்தகைய கட்டைகளின் மதிப்பை ஹவாய் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கடல் நீரோட்டமும் வணிகக் காற்றும் கொண்டுவந்த ராட்சத மரங்களில் அவர்கள் படகு குடைந்தனர். 1790களில் அங்கு சென்ற பிரிட்டிஷ் கடலோடி ஜார்ஜ் வான்கூவர், ஒதுங்கிய ஒரே மரத்தில் செய்த, ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுள்ள படகைக் கவாய் தீவில் கண்டதாகப் பதிவு செய்திருக்கிறார்.

அலைச்சறுக்குப் பலகைகளுக்கு உள்ளூர் மரங்கள் இருந்தன: அக்கேசியா இனத்தைச் சேர்ந்த கோவா, சீமைப்பலா, நம் கல்யாண முருங்கைக்கு உறவான விலிவிலி. விலிவிலி மிகவும் இலேசானது. ‘ஓலோ’ என்ற நீண்ட பலகைகளுக்கு உகந்தது. பலகையை வாய்ச்சியால் செதுக்கி, சொரசொரப்பான பவளக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, குக்குயி கொட்டையின் எண்ணெய் பூசினர்.

1885இல் ஹவாய் இளவரசர்கள் மூவர் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில், அப்பகுதி ரெட்வுட் மரத்தில் செய்த பலகைகளில் அலைச்சறுக்கு விளையாடினர். 1920களில் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பலகைகளைச் செப்பனிட்டு, அவற்றைப் போலவே புதியவற்றைச் செய்தார். எடையைக் குறைக்க உள்ளே குடைந்து, அந்த வடிவத்துக்கு 1932இல் காப்புரிமையும் பெற்றார். 1935இல், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் அடிக்கட்டைத் துண்டைத் தம் பலகையின் அடியில் பொருத்தினார். பலகை பக்கவாட்டில் வழுக்காமல் திரும்ப உதவும் இன்றைய துடுப்புக்கு அதுவே முன்னோடி.

பலகை செய்பவரும் சிற்பியும் முதலில் பார்ப்பது மரத்தின் ரேகையை. ரேகை ஓடும் திசையில் மரம் வலிமையானது. அதைக் குறுக்கே வெட்டும் வளைவு எளிதில் முறியும். ஆனால் பலகை செய்பவர் நேரான மரத்தில் வளைவை உருவாக்குகிறார். சிற்பி, வளைந்தே கிடைத்த துண்டுக்கு இடம் தேடுகிறார். கவைக்கொம்பு வால்துடுப்பாகும், வேர்மூட்டு தோளாகும்.

கரையில் எடுத்த கட்டையை அப்படியே பயன்படுத்த முடியாது. உள்ளே ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பு ஆணியை அரிக்கும். அதனால் கட்டையை நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் பிளக்கும். பெரிய சிற்பங்களுக்கு உள்ளே துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் எலும்புக்கூடாக நிற்க, துண்டுகள் அதில் முடுக்கப்படுகின்றன.

எவ்வளவு காத்தாலும் வெட்டவெளியில் மரம் மெல்ல உளுத்துப்போகும். மொன்டானாவிலும் ஹவாயிலும் பணிபுரியும் சிற்பி டெபோரா பட்டர்ஃபீல்ட் இதற்கு வேறு வழி கண்டார். கட்டைகளால் குதிரை உருவத்தை அமைத்து, படமெடுத்து, பிரிக்கிறார். ஒவ்வொரு துண்டின்மீதும் பீங்கான் அச்சு பூசிச் சூளையில் சுடும்போது உள்ளிருக்கும் மரம் எரிந்துபோகும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலம் ஊற்றப்படுகிறது. வார்த்த துண்டுகளை மீண்டும் பற்றவைத்து, மரத்தின் நிறம் வரும்படி ரசாயனப் பூச்சு தருகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது மரமாகவே தெரியும்.

ஒதுங்கிய கட்டைகளுக்குக் கரையிலும் வேலை உண்டு. அவை மணலைத் தடுத்து மேடாக்கி, செடிகள் வேரூன்ற இடம் தருகின்றன. பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடமாகின்றன. அதனால்தான் பாதுகாக்கப்பட்ட கரைகள் பலவற்றில் கட்டை எடுக்கத் தடையோ அளவு வரம்போ உள்ளது. எடுப்பதற்கு முன் அந்தக் கரையின் விதியைத் தெரிந்துகொள்வது சிற்பியின் முதல் வேலை.