கேம்பிரிட்ஜும் கல்முனையும்

இளைஞர் பிறநாடு சென்று மீளுதலைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்பர். கண்டதைக் கூறுவதோடு அது நிறைவுறுமெனக் கருதுவாருமுளர். ஏ. எம். ஏ. அசீஸ் அவர்களின் வாழ்க்கை அக்கருத்தை மறுக்கின்றது.

1911இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற அசீஸ், 1934இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானமையால், மேற்படிப்பை நிறுத்தி நாடு திரும்பினார். அச்சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே.

அவர் பெற்ற பேறு பிறர்க்குப் பயன்படத் தொடங்கிய இடம் கல்முனை. அந்நாளில் அவ்வூர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்பாறை மாவட்டம் அமைந்தது 1961இலேயாம். பர்மாவை யப்பானியர் கைப்பற்ற, அரிசி வரவு தடைப்பட்ட 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்போடு அங்கு உதவி அரசாங்க அதிபராய் வந்தார். வந்தவர் வயலை மட்டும் நோக்கினாரல்லர். கூரிய அறிவுடைய பிள்ளைகள் வறுமையாற் கல்வியை இழத்தலையும் கண்டார். தாம் கடல்கடந்து கற்றது ஓர் உதவிப்பணத்தாலன்றோ! அவ்வாண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. அயலூராகிய காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு அவர் நெருங்கிப் பழகியதும் இக்காலத்தேயாம். சைவத் துறவியும் முஸ்லிம் அதிகாரியும் தமிழால் ஒன்றிய அந்நட்பும் பரிமாற்றமே. அதற்குக் கப்பற் பயணம் வேண்டப்படவில்லை.

கல்முனையில் முளைத்த எண்ணம் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. 1948இற் சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு சாகிராக் கல்லூரியின் அதிபரானார். அவர்தம் பயணநூல்களுள் ‘மிஸ்றின் வசியம்’ சுவை மிக்கது. எனினும் அந்நிதியே அவர் பயணங்களின் பெரும்பயன் எனல் மிகையாகாது.