புகை மறைத்து வைத்த நோய்

ஏ-9 வீதி வழியே செல்வோர் முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் ஒரு கணம் தரித்து நில்லாது போவது அரிது. தேங்காய் உடைத்து, திருநீறு தரித்து, கச்சான் பை ஒன்றும் வாங்கிக்கொண்டு வழிப்பயணத்தைத் தொடர்தல் நம்மவரின் நெடுநாளைய வழக்கம். சில மாதங்களுக்கு முன் நாமும் அவ்வாறே இறங்கியபோது, நம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவரைச் சந்தித்தோம். இன்று அவர் முப்பத்திரண்டு வயதுக் குடும்பத் தலைவர். கிளிநொச்சிப் பக்கத்தில் வயலும் உழவு இயந்திரமும் உடையவர். அன்போடு கச்சான் பையை நீட்டினோம். அவரோ தலையசைத்து மறுத்துவிட்டார்.

“கடிக்கேலாது சேர். முரசெல்லாம் நோகுது. பல்லுத் துலக்கினால் ரத்தம் வருது” என்றார்.

பத்தாண்டுகள் சிகரெட் பிடித்தவர் அவர். மகள் பிறந்ததும் அப்பழக்கத்தை விடத் தீர்மானித்தார். அவ்வேளையில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், ‘வேப்’ எனப்படும் மின்சிகரெட்டைக் கையிற் கொடுத்து, “இதிலை புகையில்லை, நெருப்பில்லை, ஆபத்துமில்லை” என்று கூறிச் சென்றாராம். சிகரெட்டை விட்டு இதைப் பிடித்துச் சில வாரங்களுக்குள் முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது.

“சிகரெட் பிடிச்ச காலத்திலை ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை, சேர். அதுவே பல்லுக்கு நல்லது போலை கிடக்குது. திரும்ப அதுக்கே போகலாமோ எண்டு யோசிக்கிறன்.”

“தம்பி, அவசரப்படாதையும். முதலிலை பல் வைத்தியரைப் பாரும்” என்று மட்டும் கூறி விடைபெற்றோம். ஆயினும் அவர் எழுப்பிய ஐயம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் உரிய ஐயமன்று அது. புகையை விடத் துணிந்த பலர் இதே இடத்தில் வழி தவறி மீண்டும் புகைக்கே திரும்புகின்றனர். ஆதலால் அதன் உண்மையை ஆராய்ந்து வாசகர் முன் வைப்பது நம் கடமையாயிற்று.

காவற்காரனின் வாய்

நூல்கள் ‘ஈறு’ என்று கூறுவதையே நாம் பேச்சில் முரசு என்கின்றோம். உணவு உண்டபின் பல்லின் மேல் மெல்லிய பசைப் படலம் ஒன்று படிகின்றது. அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாள்தோறும் துலக்கி அகற்றாவிடின், உமிழ்நீரிலுள்ள உப்புக்கள் சேர்ந்து அப்படலம் இறுகிக் காறையாகின்றது. நுண்ணுயிர்களின் நச்சை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்புகின்றது. அதனாலேயே முரசு சிவந்து வீங்குகின்றது. சிறிது உரசினாலும் இரத்தம் கசிகின்றது. அக்கசிவு உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை.

அவ்வெச்சரிக்கையை அலட்சியம் செய்தால் முரசு பல்லை விட்டுப் பிரிந்து இடையிற் பை போன்ற பள்ளங்கள் உண்டாகின்றன. பின்னர் பல்லைத் தாங்கும் எலும்பு அரிபடுகின்றது. அரிபட்ட எலும்பு தானாக மீள வளர்வதில்லை. இவையாவும் பெரும்பாலும் நோவின்றியே நிகழ்கின்றன என்பதுதான் கொடுமை. பல் ஆடத் தொடங்கும்போதே பலர் விழித்துக்கொள்கின்றனர்.

புகையிலையிலுள்ள நிக்கொட்டின் முரசின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றது. அத்துடன் நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றிவிடுகின்றது. இதனாற் புகைப்பவரின் முரசு உள்ளே நோயுற்றிருப்பினும் வெளியே வெளிறித் தடித்துக் காணப்படும். இரத்தமும் எளிதில் வராது. ஆனால் எலும்போ மற்றையோரிலும் விரைவாக அரிபடுகின்றது. புகையாதவரினும் புகைப்பவருக்கு முரசு நோய் உண்டாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகும்.

நம் வன்னி விவசாயிகளுக்கு இதனை விளக்குவது எளிது. விளைந்த வயலுக்கு இரவில் யானை வராது காக்கக் காவற்கொட்டிலில் ஒருவரை இருத்துகின்றோம். யானையைக் கண்டதும் அவர் கூக்குரல் இடுகின்றார். அவருடைய வாயைக் கட்டிவிட்டு, “இன்றிரவு கூக்குரல் இல்லை, ஆதலால் யானையும் இல்லை” என்று உறங்கப் போவோமா? சிகரெட் பிடித்த காலத்தில் நம் மாணவரின் முரசு காட்டிய அமைதி அத்தகையதே.

சிகரெட்டை விட்டதும் இரத்தக் குழாய்கள் தம் இயல்புக்கு மீள்கின்றன. காவற்காரரின் வாய்க்கட்டு அவிழ்கின்றது. 2003 ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. புகைப்பதைக் கைவிட்ட 27 பேரை நான்கு முதல் ஆறு வாரங்களின் பின் மீளப் பரிசோதித்தபோது, முரசில் இரத்தம் கசியும் இடங்கள் 16 வீதத்திலிருந்து 32 வீதமாக உயர்ந்திருந்தன. புகையை விட்டமையால் வந்த புது நோய் அன்று இது. முன்னரே இருந்த நோய் கண்ணுக்குப் புலப்பட்டதே ஆகும்.

புகை போய் ஆவி வந்தது

அவ்வாறாயின் புதிதாக வந்த கருவி குற்றமற்றதா? அதனையும் நோக்குவோம். இதன் இன்றைய வடிவத்தை 2003 ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஹோன் லிக் என்னும் சீன மருந்தாளர். மின்கலம் ஒன்று சிறு கம்பிச் சுருளைச் சூடாக்க, அச்சூட்டில் திரவம் ஆவியாகின்றது. அத்திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கொட்டின் ஆகியன உள்ளன. புகையிலை எரியாமையால் சிகரெட்டின் தாரும் காபன் மொனொக்சைட்டும் இதில் இல்லாமலோ மிகக் குறைந்தோ இருக்கும். இதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் சிகரெட்டிலும் தீமை குறைந்தது என்பது வேறு, தீமையற்றது என்பது வேறு.

இவ்வாவி வாயை உலரச் செய்கின்றது. உமிழ்நீரோ பல்லின் இயற்கைக் காவலன். அமிலத்தைத் தணித்து, பற்களைக் கழுவி நிற்பது அதுவே. அது குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. கிளிசரினும் இனிப்பு வாசனைகளும் பற்களிற் பிசுபிசுப்பாகப் படிந்து அவற்றுக்குத் துணை செய்கின்றன.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூர்ணிமா குமார் தலைமையில் நடைபெற்று 2020 இல் வெளியான ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. வாயில் நோய் அறிகுறி எதுவுமில்லாத 123 பேரின் முரசடி நுண்ணுயிர்கள் ஆராயப்பட்டன. புகைப்போர், புகையாதோர், மின்சிகரெட் மட்டும் பாவிப்போர், சிகரெட்டை விட்டு அதற்கு மாறினோர், இரண்டையும் பாவிப்போர் என ஐவகையினர் அவர்கள். மின்சிகரெட் பாவித்தோரின் வாயில், வெளித்தோற்றம் நலமாக இருந்தபோதும், முற்றிய முரசு நோயாளரிடம் காணப்படுவது போன்ற நுண்ணுயிர்க் கூட்டம் குடிகொண்டிருந்தது. அத்திரவத்தில் நிக்கொட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலை மாறவில்லை.

நம் மாணவரின் நிலை இப்போது விளங்கும். பத்தாண்டுப் புகை வளர்த்து மறைத்து வைத்த நோய் ஒருபுறம்; அதன்மேல் வாயை உலர்த்தும் புதிய ஆவி மறுபுறம். பழைய சிகரெட்டுக்குத் திரும்பின் இரத்தம் நிற்கக் கூடும். ஆனால் பல் நில்லாது.

தேயிலைத் தோட்டம் தந்த பாடம்

முரசு நோயின் போக்கை உலகம் அறிந்துகொள்ள உதவியோர் நம் நாட்டுத் தமிழ்த் தொழிலாளரே என்பது பலர் அறியாத செய்தி. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1970 ஆம் ஆண்டு நம் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தனர். பற்சிகிச்சை வசதி எதுவும் எட்டாத மக்கள் அவர்கள். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது, ஏறக்குறைய 8 வீதத்தினருக்கு நோய் மிக விரைவாகவும், 81 வீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது; 11 வீதத்தினருக்கு முற்றவில்லை. விரைவாக முற்றிய பிரிவினர் நாற்பத்தைந்து வயதளவில் பற்கள் அனைத்தையும் இழந்தனர். அவர்களுட் பெரும்பாலாருக்குச் சூத்தைப் பல் இருக்கவில்லை என்பது வியப்புக்குரியது. பல் நலமாயிருக்க, அதைத் தாங்கிய நிலமே கரைந்து போயிற்று.

எஞ்சியோரை 2010 இல் மீண்டும் பரிசோதித்து 2017 இல் வெளியிட்ட அறிக்கை, புகைத்தலும் காறையும் இந்நோயின் தொடக்கத்தோடு தொடர்புடையன எனக் காட்டிற்று. 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னி மண்ணைத் திருத்திக் குடியேறிய குடும்பங்கள் பல இன்று நம்மிடையே வாழ்கின்றன. அவர்தம் உறவினர் வாயிலிருந்து உலகம் கற்ற பாடத்தை நாம் கல்லாதிருத்தல் தகுமா?

மாற்று வேறு, விடுதலை வேறு

சிலர் சிகரெட்டை விட்டு வெற்றிலைக்கு மாறுகின்றனர். புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமன்று, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004 இல் அறிவித்தது. நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. ஒரு பிடியை விட்டு மற்றொரு பிடியில் அகப்படுதல் விடுதலையாகாது.

சிகரெட்டை விட்டோர் அத்துணிவைப் பெரும் பேறாகக் கொள்ளுதல் வேண்டும். இரத்தம் கண்டு அஞ்சித் திரும்பலாகாது, துலக்குவதையும் நிறுத்தலாகாது. காலையும் இரவும் மென்மையான பிரஷினால், புளோரைட் சேர்ந்த பற்பசை கொண்டு, முரசோரம் மெல்லத் துலக்குக. பல்லிடுக்குகளைத் தூய்மை செய்க. தண்ணீர் நிறைய அருந்துக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அரசினர் வைத்தியசாலைகளிற் பற்சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. அங்கே சென்று காறையை அகற்றுவிக்க. புகைத்த ஆண்டுகளையும் மின்சிகரெட் பாவித்ததையும் வைத்தியரிடம் ஒளிக்காது கூறுக; அவற்றை அறிந்தாலே அவர் முரசைச் சரியாக மதிப்பிட முடியும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இக்கருவிகள் பேனாவைப் போன்றும் பழ வாசனையோடும் வருவதால் பிள்ளைகளின் பையிற் கிடந்தாலும் நாம் அறிவதில்லை. 2006 ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடை செய்கின்றது. சட்டம் கடையில் நிற்கும். வீட்டிற் காவல் நிற்க வேண்டியவர் நாமே.

நம் மாணவர் வைத்தியரிடம் சென்றார். பின்கடைவாய்ப் பல் ஒன்றைக் காப்பாற்ற இயலவில்லை. காறை அகற்றப்பட்டபின் மற்றையவை உறுதி பெற்று வருகின்றன, இரத்தமும் குறைந்துவிட்டது. அண்மையில் நம்மைக் கண்டபோது, “இப்ப ரெண்டையும் விட்டிட்டன், சேர்” என்றார். இழந்த எலும்பு மீளாது. இருப்பதைக் காத்துக்கொள்ளக் காலம் இன்னும் இருக்கின்றது. துலக்கும்போது சிறிது இரத்தம் கண்டால், “நான் விழித்திருக்கின்றேன், நீயும் விழித்துக்கொள்” என்று உடல் கூறுவதாகக் கொண்டு, அன்றே வைத்தியரை நாடுவோமாக.