இரவல் அலைவரிசையும் சேவைத்தரமும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பாதையில், களப்பு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த பனிச்சங்கேணி போன்ற ஊர்களில் தொலைத்தொடர்பு வெறும் சௌகரியம் அன்று. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட அக்கரையோரத்து மக்களுக்கு, புயற்செய்தி உரிய வேளையில் வந்து சேருவது உயிர்ப் பிரச்சினையாகும். குடிகள் ஐதாகவும் நீர்ப்பரப்பு அகன்றும் கிடக்கும் இத்தகைய பிரதேசங்களுக்கு விசேஷமாகப் பயன்படத்தக்க சாதனம் ஒன்று உண்டு. வெறுமையாய்க் கிடக்கும் அலைவரிசைகளைக் கண்டறிந்து பயன்படுத்தும் அதனை அறிவுசார் வானொலி எனலாம். 1999இல் ஜோசப் மிட்டோலா என்பார் சுவீடனிலிருந்து இக்கருத்தை விரித்து எழுதினார்.

வானொலி அலைகள் ஒன்றையொன்று குழப்பாதிருக்கும்பொருட்டு, மீடிறன் வாரியாக அவற்றைப் பகுத்து, இன்ன பகுதி இன்னாருக்கென்று அனுமதிப்பத்திரம் வழங்குவது அரசாங்கங்களின் வழக்கம். ஆனால் பத்திரம் பெற்றவர் தம் பங்கை எல்லா இடத்திலும் எல்லா வேளையிலும் பயன்படுத்துவதில்லை. மும்பாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 470 முதல் 590 மெகாஹேர்ட்ஸ் வரையான தொலைக்காட்சிப் பகுதியை ஆராய்ந்தபோது, பதினைந்து அலைவரிசைகளுள் பன்னிரண்டேனும் அந்நாட்டில் ஏறக்குறைய எங்கும் வெறுமையாய் இருக்கக் கண்டனர். பால்கர்ப் பகுதிக் கிராமங்களில் அவ்வெற்றிடத்தைக் கொண்டே இணைய இணைப்பும் அமைத்துக் காட்டினர். இவ்வலைகள் மரஞ்செடிகளைக் கடந்து நெடுந்தூரம் செல்ல வல்லவை.

அறுவடை முடிந்த வயலில் அயலார் பட்டி மேய்வதுபோல, அறிவுசார் வானொலியும் உரியவர் இல்லாத வேளையில் அவர் அலைவரிசையை இரவலாகக் கொள்கிறது. உரியவர் திரும்பியதும் தாமதமின்றி வெளியேற வேண்டும். இத்தகைய வானொலிகளுக்கென 2011இல் வெளியான 802.22 என்னும் நியமம், உரியவரின் வருகையை இரண்டு செக்கனுக்குள் கண்டறிய வேண்டுமென விதிக்கிறது. இங்கேதான் சேவைத்தரம் என்னும் கடினமான பிரச்சினை எழுகிறது. உரியவரின் மெல்லிய சமிக்ஞையைக் கேட்க, நமது சாதனங்கள் யாவும் ஒருங்கே மௌனமாக வேண்டும். மௌனம் நீண்டால் செய்தி தாமதிக்கும், குறுகினால் உரியவர் இருப்பது தெரியாமற் போகும். மனிதர் உரையாடலோ, குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைய 150 மில்லிசெக்கனுக்கு மேற்பட்டால் நலியத் தொடங்கும். ஆகவே முதலில் அடிக்கடி சிறு மௌனங்களாற் சோதித்து, சந்தேகம் எழுந்தால் மாத்திரம் நீண்ட சோதனை செய்வதென்று பொறியியலாளர் வகுத்த இரு படிமுறையை நான் மிகவும் மெச்சுகிறேன்.

எனினும் கண்டறிந்து விலகுவது பாதி வேலையே. விலகியவர் எங்கே செல்வது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிராவிடில் பேச்சு நடுவிலே அறும். அதனால் மாற்று அலைவரிசைகளின் பட்டியலை வானொலி எப்பொழுதும் தயாராக வைத்திருக்கிறது. அவற்றுட் சிலவற்றைப் புதிய அழைப்புகளுக்குக் கொடாது, இடம்பெயரும் அழைப்புகளுக்கென்றே ஒதுக்கி வைத்தல் நலம். தொடங்காத பேச்சை மறுப்பதிலும் நடந்துகொண்டிருக்கும் பேச்சை அறுப்பது பெருங்கொடுமை என்பது என் துணிபு. கோப்பு இறக்குவோர் சற்றுக் காத்திருக்கலாம். கடலில் வள்ளத்தோடு நிற்பவருக்குச் செல்லும் எச்சரிக்கை காத்திராது. எனவே வரிசையில் அதற்கே முதலிடம்.

அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு ஆணையம் 2010இல், தம் இருப்பிடத்தை அறிந்து தரவுத்தளத்தை வினவும் சாதனங்களுக்கு, அலையை உற்றுக் கேட்கும் கடமையிலிருந்து விலக்களித்தது. தரவுத்தளம் இன்ன இடத்தில் இன்ன அலைவரிசை காலி எனச் சொல்லிவிடும், மௌனம் தேவையில்லை, சேவைத்தரமும் உயரும். ஆனால் அத்தரவுத்தளத்தை அடைவதற்கே ஓர் இணைப்பு வேண்டுமன்றோ? புயல் அவ்விணைப்பை அறுத்தபின், புதிய அனுமதியைப் பெற வழியின்றி வானொலி அடங்கிவிடும். ஆகையால் பனிச்சங்கேணிக் கரையோரத்தில் இவ்வானொலியை அமைக்க முற்படுவோர், தரவுத்தளத்தோடு தானே கேட்டறியும் ஆற்றலையும் அதற்கு அளித்து, இணைப்பு அற்ற வேளையில் அவ்வாற்றலைக் கொண்டே எச்சரிக்கைகளை அனுப்புவதற்குச் சட்டத்தின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.