ஆவூருக்கு ஒரு லீவு லெட்டர்!

"மச்சி, 'காரணம்'னு ஒரு கோடு போட்டிருக்கானே... அதுல என்னடா எழுதறது?"

ஹாஸ்டல் லீவு ஃபார்மை வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக முழித்துக்கொண்டிருந்தான் ரூம்மேட். காய்ச்சல்னா டாக்டர் சர்டிஃபிகேட் கேட்பாங்க. அக்கா கல்யாணம்னு போன வருஷமே எழுதியாச்சு (அவனுக்கு அக்காவே கிடையாது என்பது தனிக்கதை). உண்மையான காரணம் ஒண்ணே ஒண்ணுதான். ஊர்த் திருவிழா. அதில் நடக்கிற பாஸ்கா நாடகத்தில் ஐயா ரோமாபுரிப் போர்வீரன். மூணே மூணு வரி வசனம். அதுவும் சரியாக செமஸ்டர் எக்ஸாமுக்கு நடுவில்!

அவன் ஊர் ஆவூர். புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை ஒன்றியம். திருச்சி பசங்க பைக்கிலேயே போய் வந்துவிடலாம். அங்கே இருக்கிற பெரியநாயகி மாதா கோயிலை 'ஏதோ ஒரு கிராமத்து சர்ச்' என்று நினைத்தால் ஏமாந்து போவீங்க. 1690-களில் பூஷே என்ற பிரெஞ்சுக்காரர், இயேசு சபைக் குரு, இங்கே முதல் கோயிலைக் கட்டினார். இப்போது நிற்கிற கோயில் 1747-ல் எழுந்தது. (சில குறிப்புகளில் முதல் கோயில் 1547-ல் கட்டியது என்று இருக்கும். நம்பாதீங்க. பூஷே பிறந்ததே 1655-ல்! யாரோ ஒருத்தர் தப்பா டைப் அடிக்க, மத்தவங்க காப்பி பேஸ்ட்... நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரியே.)

இங்கே பணி செய்தவர்களில் ஒருத்தர் உங்களுக்கு ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்திலேயே அறிமுகம். வீரமாமுனிவர்! தேம்பாவணி எழுதி, சதுரகராதி தொகுத்து, பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து மக்கு சீடர்களையும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். நிஜப் பெயர் கான்ஸ்டன்சோ பெஸ்கி. 1680-ல் பிறந்தார். ஊர் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க: கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர்.

அந்த ஊருக்கும் ஒரு திருவிழா உண்டு. ஜூன் 21, புனித லூயிஜி கொன்சாகா. 1568-ல் அதே ஊரில், அந்த ஊரை ஆண்ட குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அரண்மனை, பதவி, சொத்து எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1591-ல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது, தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தியம் பார்த்தார். நோய் அவரையும் பிடித்தது. இறந்தபோது வயசு 23. கிட்டத்தட்ட நம்ம பி.ஜி. ஃபைனல் இயர்! அவருடைய மண்டையோட்டை அந்த ஊர்ப் பேராலயத்தில் இன்றும் வைத்துப் போற்றுகிறார்கள். அரியர் கோஷ்டிக்கு ஒரு தகவல்: 1729-ல் போப் இவரை மாணவர்களின் பாதுகாவலராக அறிவித்திருக்கிறார்.

'நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்கள், வகுப்பில் ஞானப்பிரகாசம் என்று யாராவது இருக்கிறாரா என்று பாருங்க. தமிழ்க் கத்தோலிக்கர்கள் லூயிஜிக்கு வைத்த பெயர் ஞானப்பிரகாசியார். இத்தாலிப் பையனின் பெயரைத்தான் அந்த நண்பர் அட்டெண்டன்ஸில் சுமந்துகொண்டிருக்கிறார்!

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். 1859 ஜூன் 24, அதாவது திருவிழா முடிந்து மூணாம் நாள், பக்கத்தில் சோல்ஃபெரினோவில் பயங்கரமான போர். காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கஸ்திலியோனே தெருக்களில் வந்து விழுந்தார்கள். எந்த நாட்டுப் படை என்றெல்லாம் பார்க்காமல் அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். அங்கே தற்செயலாக வந்து மாட்டிய சுவிஸ் வியாபாரி ஹென்றி டியூனாந்த் அதைப் பார்த்து எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்ததுதான் செஞ்சிலுவைச் சங்கம். மார்க்குக்காக யூத் ரெட் கிராஸில் பெயர் கொடுத்தவர்களே, உங்கள் சங்கத்தின் சொந்த ஊர், வீரமாமுனிவரின் சொந்த ஊரேதான்.

சரி, ஆவூருக்குத் திரும்புவோம். இத்தாலியச் சின்ன ஊர்களில் சொரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். பேண்டு, வாணவேடிக்கை, சாப்பாடு, வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள்... எல்லாம் நம்ம ஊர் மாதிரியேதான். ஆனால் இங்கே வந்த சாமியார்கள் அதை அப்படியே இறக்குமதி செய்யவில்லை. இங்கே தேர். மாதாவின் பெயரே பெரியநாயகி. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இருக்கிற அம்மனுக்கும் அதே பெயர்தான்! கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகவே சேலை கட்டி நிற்க வைத்தார். தனக்கும் முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். கான்ஸ்டன்சோ என்றால் உறுதியானவர். அதற்குத் தைரியநாதர். சும்மா சொல்லக்கூடாது, நச் மொழிபெயர்ப்பு.

பாஸ்காவும் அப்படித்தான். வார்த்தை லத்தீன் வழியாக வந்தது, இத்தாலியில் ஈஸ்டருக்கே 'பாஸ்குவா'தான். ஆனால் விடிய விடியக் கூத்து பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, இயேசுவின் பாடுகளையும் மேடையில் பார்த்தால்தானே திருப்தி! ஈஸ்டரை ஒட்டி ஏப்ரல், மே-யில் ஆவூரில் பாஸ்கா, அதைத் தொடர்ந்து தேர். எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள்.

மாடு இல்லாமல் புதுக்கோட்டைத் திருவிழா ஏது? கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில், விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் புத்தாண்டுத் திருவிழாவை ஒட்டித்தான் ஜல்லிக்கட்டு. பல வருஷங்களில் தமிழ்நாட்டின் முதல் வாடிவாசல் அங்கேதான் திறந்திருக்கிறது. 2014 மே-யில் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தபோது பொங்கலோடு சேர்த்து இந்த மாதா கோயில் மாடுகளும் கட்டுத்தறியில் நின்றன. 2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்த கூட்டத்தில் பாதிப் பேர் மாட்டைப் பக்கத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே-யில் அது செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. ஸ்டூடண்ட்ஸ் மனசு வைத்தால் திருவிழா திரும்ப வரும் என்பதற்கு நம்ம காலத்துச் சாட்சி.

ஆனால் தடையே இல்லாமலும் ஒரு திருவிழா தேய்ந்து போகலாம். ரூம்மேட்டின் கவலை அதுதான். ஈஸ்டர் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். பௌர்ணமி பார்த்து முடிவு செய்கிற தேதி. தேர் அதற்கப்புறம். செமஸ்டரோ ஏப்ரல், மே. சந்திரனும் யுனிவர்சிட்டியும் கூடிப் பேசி வைத்த மாதிரி எல்லா வருஷமும் இடிக்கும். "எங்க செட்ல பாதிப் பேரு சென்னை, திருப்பூர்னு வேலைக்குப் போயிட்டானுங்கடா. மிச்சம் பாதி எக்ஸாம்ல. ஒத்திகைக்கு ஆளே வரல. போன வருஷம் பிலாத்துவா நடிச்சவரே இந்த வருஷம் மேக்கப்பும் போடறார். நானும் போகலைன்னா அந்த மூணு வரியை யாரு பேசறது?"

கடைசியில் ஃபார்மில் உண்மையையே எழுதினான். 'ஊர்த் திருவிழா. நான் போர்வீரன்.'

வார்டன் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த சீனு?"

"சாட்டையடி சீன், சார்."

"ரெண்டு நாள்தான். திங்கட்கிழமை எக்ஸாம் ஹால்ல தலை தெரியணும்."

தெரிந்தது. காதுக்குப் பின்னால் அரிதாரம்கூடச் சரியாகப் போகாமல், எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து அடிஷனல் ஷீட் கேட்டுக்கொண்டிருந்தான்.